ஆயாக் கொட்டாய்க் கன்றுகள்

சுங்கைப் பட்டாணிக்குக் கிட்டே, சிடாம் கிரி பக்கம் வந்து மாட்டுக்கார இராசாத்தி வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். சொன்ன கையோடு ஒரு வார்த்தையும் சேர்ப்பார்கள்: உச்சி வெயிலில் போகாதீர்கள். ஏன் என்று கேட்டால் மழுப்புவார்கள். அவளுடைய மாட்டுக் கொட்டகையில் பட்டப்பகலில் குழந்தை அழுகிறது என்பது ஊர்ப் பேச்சு. ராத்திரிப் பேய் என்றாலாவது கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடலாம். பகல் பேய்க்கு மனுஷன் எங்கே போய் ஒளிவது, வேலைவெட்டி இல்லையா?

அந்தக் கொட்டகை ஒரு காலத்தில் தோட்டத்து ஆயாக் கொட்டாய். கித்தா என்கிற ரப்பர் மரங்கள் நின்ற நாளில், விடியும் முன்னே மரம் சீவப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஆயா வேலைக்கு நியமித்த பெண் ஒருத்தி அத்தனை குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாள். உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு சேலைத் தொட்டில். பிறகு கித்தாவை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். சனங்கள் சுங்கைப் பட்டாணிக்கும் பினாங்குக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போனார்கள். ஆயாக் கொட்டாய் மட்டும் எப்படியோ இடிபடாமல் செம்பனைக்கு நடுவில் நின்றுவிட்டது.

இராசாத்தியின் கணவர் பரஞ்சோதி அந்தத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். மாடு கட்ட இடம் கேட்டபோது, வேண்டுமானால் அந்தப் பழைய கட்டடத்தை எடுத்துக்கொள் என்றார் மேனேஜர். பரஞ்சோதிக்கு அந்த இடத்தில் மனமில்லை. வேறு இடம் பார்க்கலாம் என்று பெண்டாட்டியிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அந்த இடம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அவள் தன் பிள்ளையைச் சாவுக்குக் கொடுத்த இடம் அது.

சாந்தினி என்று பெயர். குப்புற விழப் பழகியிருந்தது, உட்காரப் பழகவில்லை. அன்றைக்குக் காலையில் விட்டுப்போகும்போது லேசாகச் சிணுங்கியது. பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று இராசாத்தி ஓடிவிட்டாள். கித்தாப் பாலெடுத்து முடித்து, மார்பு கனத்து வலிக்க, பிள்ளைக்குப் பால் கொடுக்க உச்சி வெயிலில் ஓடி வந்தபோது அது கண் சொருகிக் கிடந்தது. வாந்தியும் பேதியுமாய் ஆயாவின் மடி முழுக்க நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே அடங்கிவிட்டது.

பிள்ளை போன பிறகும் பால் நிற்கவில்லை. மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டு காய்ச்சல் கண்டது. பீய்ச்சி விட்டுரு, இல்லாட்டி உனக்கு ஏதாச்சும் ஆயிரும் என்றார்கள் லயத்துப் பெண்கள். குளிக்கிற இடத்துச் சுவரில் பீய்ச்சிவிட்டு, வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாளாம். பெற்ற வயிறு எப்படி எரிந்திருக்கும் என்பதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அதற்கப்புறம் அவளுக்கு வேறு பிள்ளை தங்கவில்லை. சாந்தினியின் பெயரைப் பரஞ்சோதி அன்றோடு வாயில் எடுப்பதை நிறுத்திவிட்டார். இராசாத்தி அந்தப் பெயரைத் தனக்குள் வைத்துக்கொண்டு வயதானாள்.

மாடுகள் வந்த பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது என்றுதான் சொல்லவேண்டும். அதிகாலையில் பால் கறந்து மோட்டார் சைக்கிளில் அக்கம்பக்கம் ஊற்றிவிட்டு வருவாள். தைப்பூசம் வந்தால் பால்குடத்துக்கு அவளிடம்தான் வருவார்கள். கன்று குடித்து மிஞ்சியதைத்தான் தருவேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவாள். அதற்காகச் சண்டை போட்டவர்களும் உண்டு. தாயோடு இருக்கும் கன்றுகளுக்கு அவளிடம் ஒரு குறையும் வந்ததில்லை, கொழுகொழுவென்று வளர்ந்தன.

தாயில்லாக் கன்றுகள்தான் செத்தன.

முதல் கன்றின் தாயைச் செம்பனை ஓலைக் குவியலில் கிடந்த நாகம் கடித்துவிட்டது. இராசாத்தி கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டாயின் சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். கன்றைக் கால்மேல் கிடத்தினாள். நம் பெண்கள் கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தலையைச் சற்றே தூக்கிப் பிடித்து, வாயோரத்தில் சங்கின் மூக்கை வைத்து, கொஞ்சங்கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். பிள்ளை விழுங்கச் சோம்பினால் தொண்டையை விரலால் தடவிக் கொடுப்பார்கள். அவளும் அப்படியே செய்தாள். சங்கு கன்றுக்குக் காணாது என்பதால் கழுவிய கிச்சாப்பு சாஸ் பாட்டிலில் பாலை ஊற்றி, அதன் ஒடுங்கிய கழுத்தைக் கன்றின் கடைவாயில் நுழைத்துப் புகட்டினாள். ஒரு சொட்டுச் சிந்தாது. அவ்வளவு பக்குவம், அவ்வளவு ஆசை.

கொஞ்ச நாளில் கன்றின் இடப்பக்கம் உப்பத் தொடங்கியது. வெளுத்த களிமண் போலக் கழிந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. ஒரு நாள் உச்சி நேரத்தில் காலை விறைத்துக்கொண்டு செத்துப்போனது.

இரண்டாவது கன்றும் அப்படியே. அதுவும் தாயில்லாதது, அதுவும் உச்சி வேளை. தோட்டத்து எல்லையில் இருக்கும் முனியாண்டி கோயிலில் பிச்சை என்றொரு பூசாரி இருந்தார். இந்த மாதிரி விஷயம் என்றால் கூப்பிடாமலே வந்துவிடுவார். வந்தார், கொட்டாயைச் சுற்றிப் பார்த்தார், உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“பாலுக்கு ஏங்கிப் போன புள்ள ஒண்ணு இங்க இருக்கும்மா. தாயில்லாத கன்னு கத்துனா அதுக்குக் காது கேக்குது. வந்து கன்னு குடிக்கிற பால அது குடிச்சிருது. கட்டிப் போட்டுரலாம், ஒண்ணும் பயமில்ல.”

“கட்டவெல்லாம் வேணாம்” என்றாள் இராசாத்தி.

“கட்டலேன்னா எல்லாத்தையும் வாங்கிரும்மா.”

“வாங்கட்டும். அவளுக்குன்னு நான் என்னத்தக் குடுத்தேன்?”

பரஞ்சோதி எழுந்து டிராக்டர் பக்கம் போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் உச்சிக்கு ஒரு தம்ளர் பாலும் ஒரு ரொட்டியும் கொட்டாயின் மூலையில் வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள். இன்றைக்கு என்ன கறி வைத்தேன், அப்பாவுக்கு முட்டி வலி, வெள்ளச்சி மாடு உதைத்துவிட்டது என்று எல்லாமே சொல்லுவாள். சில நாள் அழுகை கேட்கும். செம்பனை ஓலை உரசுகிறதா, பக்கத்து மலாய்க் கம்பத்து வீடுகளில் ஏதாவது பிள்ளை அழுகிறதா என்று மற்றவர்கள் குழம்புவார்கள். அவள் குழம்பமாட்டாள். கன்று செத்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள்தான். ஆனால் அந்த அழுகைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. என் பிள்ளை வந்தாளே, பால் கேட்டு என்னிடம்தானே வந்தாள் என்ற நிம்மதி. இதைக் கேட்டால் உடம்பு கூசுகிறது, ஆனால் அவள் நிலைமையில் நின்றவர்கள் வந்து அவளை ஏசட்டும், நான் ஏசமாட்டேன்.

மூன்றாவது கன்று செத்த அன்றைக்குக் கால்நடை இலாகாவிலிருந்து அன்சார் தடுப்பூசி போட வந்திருந்தார். சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. வாயைத் திறந்தால் கேலிதான். செத்த கன்றைப் பார்த்ததும் கேலி நின்றது.

“தாய் எங்கக்கா?”

“லோரி அடிச்சுப் போயிருச்சு தம்பி.”

“அறுத்துப் பாத்துருவோமா? தொத்து நோவா இருந்தா மத்த மாட்டுக்கும் வரும்லா.”

இராசாத்தி வேண்டாம் என்று தலையாட்டினாள். பரஞ்சோதிதான் முதல்முறையாகக் குறுக்கே பேசினார். “பாருங்க தம்பி. எனக்குத் தெரியணும்.”

செம்பனை மரத்தடியில் உரச்சாக்கை விரித்து அறுத்தார்கள். இராசாத்தி கொட்டாய் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, கிட்டே வரவும் முடியவில்லை. அன்சார் வயிறுகளை வெளியே எடுத்துச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தார்.

“மாட்டுக்கு நாலு வயிறுன்னு தெரியும்ல? கன்னு பொறக்கும்போதே நாலும் இருக்கும்ணே. ஆனா வேல செய்யறது ஒண்ணே ஒண்ணுதான், இந்தக் கடைசி வயிறு. பால் வயிறுன்னு வச்சுக்குங்க. நம்ம வயிறு மாதிரிதான் இதுவும்.” பிறகு இன்னொன்றைத் தொட்டார். “பெரிய மாட்டுல இந்த மொத வயிறுதான் ஒரு தண்ணித் தோம்பு அளவு இருக்கும். கன்னுக்கு இது சும்மா சுருங்கின பிளாஸ்டிக் பை மாதிரி கெடக்கணும். புல்லு, தவுடுன்னு தின்ன ஆரம்பிச்சாதான் இது வளரும். பால் குடிக்கிற கன்னுக்கு இதுல ஒண்ணுமே இருக்கக் கூடாது.”

ஆனால் அது சுருங்கிக் கிடக்கவில்லை. பந்தாய் உப்பியிருந்தது. அன்சார் கத்தி முனையை வைத்ததும் உஸ்ஸென்று காற்று பிரிந்தது. புளித்த வாடை கொட்டாய் வாசல்வரை அடித்தது. உள்ளே இருந்து சாம்பல் பூத்த வெள்ளையில் திரிந்த பால் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

“பால் எப்படி இதுக்குள்ள வந்துச்சு?” என்றார் பரஞ்சோதி.

“கன்னு தானா சப்பிக் குடிச்சா, தொண்டக் குழாய் முடியற எடத்துல ரெண்டு மடிப்பு ஒண்ணு சேந்து மூடிக்கும். பால் இந்த வயித்தத் தொடாம நேரா பால் வயித்துக்குப் போயிரும். சப்ப விடாம வாயில ஊத்துனா அந்த மடிப்பு சரியா மூடாது. பால் இங்க விழும், புளிக்கும், வீங்கும். யாருண்ணே ஊத்துனது?”

பரஞ்சோதி தரையைப் பார்த்தார்.

“நாந்தான் புகட்டுனேன்” என்றாள் இராசாத்தி. “புள்ளைக்குப் புகட்டுற மாதிரி.”

அன்சாருக்கு அவள் கதை தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த வார்த்தையைப் பார்த்துப் பேசியிருப்பார்.

“மனுசப் புள்ளைக்கு ஒரே வயிறுக்கா. எப்படி ஊத்துனாலும் அங்கதான் போவும். கன்னுக்கு அப்படி இல்ல.”

அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டாளோ என்னவோ. அவள் கண் சாக்கின் மேலேயே இருந்தது. நேற்றுப் புகட்டிய பாலும் முந்தாநாள் புகட்டிய பாலும் அங்கே கிடந்தன. ஒரு வாய்கூடக் குறையவில்லை. யாரும் வந்து குடிக்கவில்லை.

“எந்திரிச்சுப் போ” என்றாள். “ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம். போயிரு தம்பி.”

அன்சார் எழுந்தார். கை கழுவிக்கொண்டு, வண்டியிலிருந்து ஒரு பெரிய ரப்பர்க் காம்பை எடுத்துப் பரஞ்சோதியிடம் கொடுத்தார். பாட்டில் வாயில் இதை மாட்டி, கன்றை நிற்க வைத்து, தானாகச் சப்பவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இராசாத்தி அன்று சோறு தின்னவில்லை. மூலையில் தம்ளர் வைக்க மட்டும் மறக்கவில்லை. வைத்துவிட்டு, “நீ குடிச்சல்ல? நீதானே குடிச்ச?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லிவைத்தாற்போல் அன்றைக்குப் பார்த்து ஓலைகூட அசையவில்லை.

மழை பிடித்த மாதத்தில் வெள்ளச்சி கன்று ஈன்றது. கறுப்புக் கிடாரி, நெற்றியில் மட்டும் வெள்ளை. தாயிடம் சீம்பால் குடித்து எழுந்து நின்றது. மறுநாள் வெள்ளச்சி கால் மடங்கிப் படுத்தாள், எழவே இல்லை. ஈன்ற மாட்டுக்கு வருகிற நோவு. அன்சார் வந்து மருந்து ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது.

பரஞ்சோதி ரப்பர்க் காம்பை எடுத்துப் பெண்டாட்டி முன்னால் வைத்தார். “இந்த ஒரு வாட்டி” என்றார். டிராக்டர் எடுக்கப் போய்விட்டார்.

இராசாத்தி கன்றோடு தனியாக ஆயாக் கொட்டாயில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் கிச்சாப்பு பாட்டில், ஒரு பக்கம் காம்பு. காம்பில் கொடுத்து இந்தக் கன்று பிழைத்துவிட்டால், செத்த மூன்றையும் கொன்றது அவள் கைதான் என்று ஆகிவிடும். அதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். கொன்றது அவள் கை என்றால் வந்தது சாந்தினி இல்லை. இத்தனை நாளும் மூலையில் உட்கார்ந்து யாரிடம் பேசினாள்? அதை நினைக்கத்தான் அவளால் முடியவில்லை. கை தன்னாலே பழைய பாட்டில் பக்கம் போயிற்று. போகட்டும், அவளே வந்து குடித்துக்கொள்ளட்டும்.

கன்று கத்தியது. உச்சி வெயில் தகரக் கூரையில் பொரிந்தது. கத்திக் கத்தி, முட்டி மோதி, அவள் மடியில் மூக்கைத் தேய்த்தது. என்ன நினைத்ததோ, அவளுடைய இரண்டு விரலை வாய்க்குள் இழுத்துக்கொண்டு சப்பத் தொடங்கியது.

இராசாத்தி விரலை இழுத்துக்கொள்ளவில்லை. சூடான நாக்கு விரலைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. விட்டு, மறுபடி இழுத்தது. அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். உடம்பு மறக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வற்றிக் கிடந்த மார்பில் சுருக்கென்று ஒரு வலி ஓடியது. புடைவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே மற்றக் கையால் காம்பைத் தேடி எடுத்தாள். விரலை மெல்ல உருவி, அந்த இடத்தில் காம்பை வைத்தாள். கன்று வித்தியாசம் பார்க்கவில்லை. வாலை ஆட்டி ஆட்டிப் பாட்டிலைக் காலி செய்தது.

அதற்குப் பிறகு அவள் கன்றைக் கால்மேல் கிடத்தவில்லை. நிற்க வைத்துத்தான் கொடுத்தாள். அன்சார் வந்து போனார். திட்டியதை அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

“பால் மட்டும் குடுத்துட்டு இருந்தா அது கன்னாவேதான் இருக்கும்கா. மாடாவாது” என்றார். “ஒரு கைப்பிடி சோளக் குருணை வைங்க, எளம்புல்லு வைங்க, குடிக்கத் தண்ணி வைங்க. பெரிய மாட்டுங்க பக்கத்துல விடுங்க, நக்கிட்டுத் திரியட்டும். அதுலதான் வயித்துக்குள்ள நல்ல கிருமியெல்லாம் போவும். உள்ள போன தீனி புளிச்சு, அந்தப் புளிப்புலதான் மொத வயிறு வளரும். இப்ப வழவழன்னு இருக்கும், அப்புறம் குளிக்கிற துவாலை மாதிரி சொரசொரன்னு ஆயிரும்.”

“பால் புளிச்சுத்தானே அதுங்க செத்துச்சு?”

“அது பால்கா. இது தீனி. எதது எங்க போவணுமோ அங்க போவணும்லா.”

கன்று முதலில் சோளக் குருணையை மூக்கால் ஊதிச் சிதறடித்தது. பிறகு நக்கிப் பார்த்தது. பிறகு சாக்கையே முட்டியது. இடப்பக்க விலா கொஞ்சங்கொஞ்சமாகத் திரண்டு வந்தது. உப்பலாக இல்லை, கையால் அழுத்தினால் மாவுபோல் அமுங்கிக் கொடுத்தது. அது வளர வளரக் கொட்டாய் அமைதியாகிக்கொண்டே போனது. உச்சி வேளையில் அழுகை கேட்கவில்லை. தம்ளரில் ஆடை படிந்தது, எறும்பு வந்தது, வேறு யாரும் வரவில்லை. குழந்தை அழுதபோதெல்லாம் பயப்படாத இராசாத்திக்கு இப்போது அந்த அமைதியைக் கண்டுதான் பயம். பகல் ஏறினால் மாட்டு வேலையைப் போட்டுவிடுவாள். வெயிலில் நின்றுகொண்டு ஓலைச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கொட்டாய்க்குள் குழந்தை தூக்கத்தில் முனகுவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டு, விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். மூலையில் யாரும் இல்லை. கன்றின் விலாவில் காதை வைத்தாள். உள்ளே தீனி புரண்டு குமுறி அடங்கிக்கொண்டிருந்தது. சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

அதற்கு மறு வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த பரஞ்சோதி கொட்டாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தார். கன்று காலை மடக்கிப் படுத்திருந்தது. முன்னால் தீனி எதுவும் இல்லை. கழுத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறிற்று. தாடை பக்கவாட்டில் அசைந்தது. மென்று, விழுங்கி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஓர் உருண்டை மேலே ஏறிற்று. அரைக்கண் மூடிக்கொண்டு பெரிய மாடு மாதிரி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே கைப்பேசியை எடுத்து அன்சாரைக் கூப்பிட்டு, “தம்பி, அசபோட ஆரம்பிச்சிருச்சு, நம்ம கன்னு மாடாயிருச்சு” என்று கத்தினார். பேசி முடித்துத் திரும்பினால், சுவரோரமாக இராசாத்தி உட்கார்ந்திருந்தாள். எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளோ, முகமெல்லாம் கண்ணீர்.

“ஏன்டி அழுவுற? அதான் பொழைச்சிருச்சுல்ல.”

“பொழைச்சிருச்சுங்க.”

“அப்பறம் என்ன?”

“இத யாரும் எடுத்துக்கலீங்க. அதுங்களையும் யாரும் எடுத்துக்கல. நாந்தான்.” கன்றையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “அப்ப நம்ம புள்ள இங்க வரவே இல்லீங்க. அவ எங்கங்க போனா?”

பரஞ்சோதி அவள் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு, “சாந்தினி போயிட்டாம்மா” என்றார்.